சூடு கண்ட கிருமி: நெருக்கடிப் புரதங்களும் நோய் வீரியமும்

தொற்று ஆய்வு நடக்கும் கூடங்களில் ஒரு பரிசோதனை அன்றாட வேலையாகவே நடந்துகொண்டிருக்கும். குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டின் அடியில் எலியின் மேக்ரோஃபேஜ் செல்கள் ஒட்டி வளர்ந்திருக்கும். அவற்றின் மேல் சால்மோனெல்லா பாக்டீரியாவை விடுவார்கள். சிறிது நேரம் விழுங்கவிட்டு, ஜென்டாமைசின் ஊற்றுவார்கள். அந்த மருந்து செல்லுக்குள் எளிதில் நுழையாது. வெளியே மிதக்கும் கிருமி சாகும். விழுங்கப்பட்ட கிருமி தப்பும். பிறகு இரண்டாம் மணியில் ஒரு தட்டு, பதினெட்டாம் மணியில் ஒரு தட்டு என எடுத்து, சோப்பு போன்ற கரைசலால் செல்களை உடைத்து, உள்ளிருந்ததை அகார் மேல் பரப்பி, மறுநாள் காலையில் முளைத்திருக்கும் புள்ளிகளை எண்ணுவார்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் கிருமி உள்ளே வாழ்ந்திருக்கிறது. குறைந்திருந்தால் செல் அதைக் கொன்றிருக்கிறது.

மேக்ரோஃபேஜ் விழுங்கிக் கொல்வதையே தொழிலாகக் கொண்ட செல். விழுங்கிய கிருமியை ஒரு பைக்குள் அடைக்கும். பைக்குள் அமிலம் ஏற்றும். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜன் வேதிகளையும் நைட்ரிக் ஆக்சைடையும் பாய்ச்சும். மெக்னீசியத்தையும் இரும்பையும் கிடைக்காமல் செய்யும். சவ்வைத் துளைக்கும் சிறு புரதங்களை ஏவும். இத்தனைக்கும் நடுவில் சால்மோனெல்லா அந்தப் பையையே வீடாக்கிக்கொண்டு பெருகுகிறது. எப்படி என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள் திரும்பத் திரும்ப வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று, நெருக்கடிப் புரதங்கள் எனப்படும் ஒரு பழங்குடும்பம். அவை கிருமியின் ஆயுதமா, கவசமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இதுவரை வந்த முடிவுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கையில், கேள்வியை அப்படிக் கேட்டதே நம்மைச் சுற்றவிட்டது என்று எனக்குப் படுகிறது. அந்தப் புரதங்கள் கிருமிக்குத் தான் இருக்கும் இடத்தை உணர்த்துகின்றன. எந்த நேரத்தில், எந்த அளவில் அவை எழுகின்றன என்பதில்தான் வீரியம் தங்கியிருக்கிறது.

கதை ஒரு பழ ஈயில் தொடங்குகிறது. இத்தாலிய ஆய்வாளர் ஃபெருச்சியோ ரிட்டோசா வளர்த்துவந்த ஈக்களின் வெப்பப் பெட்டியை யாரோ தவறுதலாகச் சூடு கூட்டி வைத்துவிட்டார்கள். உமிழ்நீர்ச் சுரப்பியின் குரோமோசோம்களில் வழக்கத்தில் இல்லாத புடைப்புகள் தெரிந்தன. அந்த இடங்களில் மரபணுக்கள் திடீரென வேலை செய்யத் தொடங்கியிருந்தன. 1962-இல் ரிட்டோசா இதை வெளியிட்டார். அந்த மரபணுக்கள் உருவாக்கும் புரதங்களை 1974-இல் ஆல்ஃபிரட் டிசியேர் குழு கண்டறிந்தது. ‘வெப்ப அதிர்ச்சிப் புரதம்’ என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. சூட்டுக்கு மட்டுமல்ல, அமிலம், பெராக்சைடு, பட்டினி ஆகியவற்றுக்கும் இதே குடும்பம் எழுந்து வருவது பிறகு தெரிந்தது. அதனால் நெருக்கடிப் புரதம் என்பதே பொருத்தமான பெயர்.

இவற்றின் வேலை என்ன? புரதம் என்பது ஒரு நீண்ட சங்கிலி. சரியாக மடிந்தால்தான் அதற்கு உயிர். நெருக்கடியில் மடிப்பு குலைகிறது. குலைந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. வெந்த முட்டையின் வெள்ளைக்கருவில் நாம் பார்ப்பது அதைத்தான். திரள விடாமல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, மீண்டும் மடிய வாய்ப்புத் தருபவை ஒரு வகை. ஆய்வகத்தில் சாப்பரோன் என்பார்கள். தலைவியோடு கூடவே இருந்து, தவறான இடத்தில் சிக்காமல் காக்கும் அகத்திணைத் தோழியை நினைத்தால் இந்த வேலை புரியும். தோழிப் புரதம் என்றே அழைப்போம். ஜிஆர்ஓஇஎல் இதில் புகழ்பெற்றது. ஏழு ஏழாக இரண்டு வளையம், மொத்தம் 14 துண்டுகள் சேர்ந்த ஒரு பீப்பாய். மேலே ஜிஆர்ஓஇஎஸ் என்ற மூடி. குலைந்த புரதம் உள்ளே போகும், மூடி விழும், சில நொடிகள் தனிமையில் மடியும், வெளியே வரும். டிஎன்ஏகே இன்னொரு தோழி. காப்பாற்ற முடியாத புரதங்களை வெட்டித் தள்ளும் லான், கிளிப்பி போன்ற நொதிகள் மறு வகை. எச்டிஆர்ஏ இரண்டு வேலையும் செய்யும்.

சூடு ஏறியது என்று பாக்டீரியாவுக்கு எப்படித் தெரிகிறது? ஈ. கோலையில் இதற்கொரு அழகான ஏற்பாடு உண்டு. நெருக்கடி மரபணுக்களைத் திறக்கும் சாவி சிக்மா-32 என்ற புரதம். சாதாரண நாட்களில் டிஎன்ஏகே அதைப் பிடித்து, வெட்டும் நொதியிடம் ஒப்படைத்துக்கொண்டே இருக்கும். அதன் ஆயுள் ஒரு நிமிடம் போலத்தான். சூட்டில் புரதங்கள் குலையத் தொடங்கியதும் டிஎன்ஏகே அவற்றைக் கவனிக்க ஓடுகிறது. சாவியைப் பிடிக்க ஆளில்லை. சிக்மா-32 பிழைத்து, மரபணுக்களைத் திறக்கிறது. புதிய டிஎன்ஏகே போதுமான அளவு வந்து, குலைந்த புரதங்கள் தீர்ந்ததும் சாவி மறுபடி பிடிபடுகிறது. கிருமி அளப்பது வெப்பத்தை மட்டுமன்று. தனக்குள் எவ்வளவு சேதம் என்பதையே அளக்கிறது. இந்தக் கருத்தைக் கையில் வைத்துக்கொண்டால் இனி வரும் பல முடிவுகள் விளங்கும்.

நோயோடு இதைச் சேர்த்துப் பார்த்த முதல் பெரிய அடி 1986-இல் விழுந்தது. பேட்ரிசியா ஃபீல்ட்ஸ், ஃப்ரெட் ஹெஃப்ரன் முதலியோர் சால்மோனெல்லாவில் ஒவ்வொரு மரபணுவாகக் கெடுத்த 9,000-க்கும் மேற்பட்ட வகைகளை உருவாக்கி, மேக்ரோஃபேஜுக்குள் பிழைக்காதவற்றைப் பொறுக்கினார்கள். அங்கே பிழைக்காதவை எலியிலும் நோய் உண்டாக்கவில்லை. செல்லுக்குள் உயிர்வாழ்வதும் நோய் வீரியமும் ஒரே கயிற்றில் கட்டியவை என்று அப்போது நிறுவப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து நான்சி புச்மையரும் ஹெஃப்ரனும் அடுத்த படி ஏறினார்கள். விழுங்கப்பட்ட கிருமி உள்ளே என்ன புரதம் செய்கிறது என்று கேட்டார்கள். இத்தகைய சோதனையில் கதிரியக்க மெத்தியோனினைக் கொடுத்தால், அந்த நேரத்தில் புதிதாகக் கட்டப்படும் புரதங்களில் மட்டும் அது ஏறும். ஜெல்லில் இரு திசைகளில் பிரித்து எக்ஸ்ரே ஃபிலிமை வைத்தால், ஒவ்வொரு புரதமும் ஒரு கரும்புள்ளியாக விழும். 30-க்கும் மேற்பட்ட புள்ளிகள் மேக்ரோஃபேஜுக்குள் போனபின் தடித்திருந்தன. அவற்றில் இரண்டு, ஜிஆர்ஓஇஎல்லும் டிஎன்ஏகேயும்.

அந்த ஃபிலிம் எழுப்பிய உற்சாகம் இயல்பானது. ஆனால் தடித்த புள்ளி, நோய்க்குக் காரணம் என்பதற்குச் சான்றாகாது. தீப்பிடித்த வீட்டில் வாளிகள் கிடப்பதைப் பார்த்து, வாளிதான் தீயை வைத்தது என்று சொல்ல முடியுமா? ஸ்டான்லி ஃபால்கோ 1988-இலேயே இதற்கு ஓர் அளவுகோல் வகுத்திருந்தார்: மரபணுவை எடுத்தால் வீரியம் குறைய வேண்டும், திருப்பி வைத்தால் வீரியம் திரும்ப வேண்டும். ஜிஆர்ஓஇஎல் விஷயத்தில் இந்த அளவுகோலே கை கொடுக்காது. அந்த மரபணுவை எடுத்தால் பெரும்பாலான பாக்டீரியா சாதாரண வளர்ப்புக் குடுவையிலேயே செத்துப்போகும். பிறகு எதைக்கொண்டு எலியைத் தொற்றுவது? 1993-இல் ஆப்ஷயரும் நைட்ஹார்ட்டும் இன்னொரு சிக்கலைக் காட்டினார்கள். வெப்பம், அமிலம், பெராக்சைடு என ஒவ்வொன்றையும் தனித்தனியே கொடுத்தால் வரும் மாற்றங்களைக் கூட்டிப் பார்த்தாலும், மேக்ரோஃபேஜுக்குள் வரும் மாற்றம் கிடைக்கவில்லை. உள்ளிருக்கும் வாழ்க்கை தனியொரு நிலை.

இந்த இக்கட்டிலிருந்து வழி காட்டியது எச்டிஆர்ஏ. அதை எடுத்தாலும் கிருமி குடுவையில் நன்றாகவே வளரும். 1991-இல் கெவின் ஜான்சன் குழு இந்த மரபணு கெட்ட சால்மோனெல்லாவை எலிக்குக் கொடுத்தபோது வீரியம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஈ. கோலையில் இதே மரபணு போனால் உயர் வெப்பத்தில் வளர முடியாமல் போகும். சால்மோனெல்லாவில் அந்த வெப்பப் பலவீனம் தெரியவில்லை. மாறாக, ஆக்சிஜன் வேதிகளின் தாக்குதலில்தான் அது சரிந்தது. பெயரில் வெப்பம் இருந்தாலும் தொற்றின்போது அது நின்று காத்த முனை வேறு. இந்த அறிவு பயனுக்கும் வந்தது. மேரிலாந்தில் சிவிடி 908 என்ற வாய்வழி டைஃபாய்டு தடுப்பு வகையைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தபோது, அறிகுறி ஏதுமின்றிச் சிலரின் ரத்தத்தில் அந்தக் கிருமி தென்பட்டது. எச்டிஆர்ஏ மரபணுவையும் சேர்த்து நீக்கியபின் ரத்தத்தில் தென்படுவது நின்றது. தடுப்பாற்றலைத் தூண்டும் திறனோ போகவில்லை. ஒரு புரதத்தின் பங்கை மனிதனிலேயே இவ்வளவு தெளிவாகப் பார்க்கக் கிடைப்பது அரிது.

இதைவிட ஆழமான இழை ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அகிகோ தகாயா, டோமோகோ யமமோட்டோ முதலியோர் டிஎன்ஏகே இல்லாத சால்மோனெல்லாவை ஆராய்ந்தார்கள். அது மேக்ரோஃபேஜுக்குள் பிழைக்கவில்லை, எதிர்பார்த்ததுதான். குடல்சுவர் செல்லுக்குள் நுழையவும் அதனால் முடியவில்லை என்பதுதான் புதிது. நுழைவதற்குச் சால்மோனெல்லா ஊசி போன்ற ஒரு கருவியால் தன் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்துகிறது. டிஎன்ஏகே இல்லாதபோது அந்தப் புரதங்களே வெளிவரவில்லை. லான் நொதியிடம் கதை தலைகீழ். ஊசிக் கருவியின் மரபணுக்களைத் தூண்டும் புரதங்களை லான் வெட்டிக்கொண்டே இருக்கிறது. லானை எடுத்தால் தடை போய், கிருமி அளவுமீறிச் செல்களுக்குள் பாய்கிறது. வீரியம் கூடியது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தக் கிருமியால் எலியின் உடல் முழுக்கப் பரவிய நோயை உண்டாக்க முடியவில்லை. குடல் வாசலில் பயன்படும் ஆயுதத்தை, உள்ளே போனபின் கீழே வைக்கத் தெரிய வேண்டும். லான் அந்த நேரத்தைக் கவனிக்கிறது. பழுது பார்க்கும் வேலைக்கென்று வந்த புரதம் எப்போது தாக்குவது, எப்போது பதுங்குவது என்பதையும் நடத்துகிறது என்றால், கவசம், ஆயுதம் என்ற இரண்டு பெட்டிகளில் எதில் அதை வைப்பது?

முன்பே பட்ட சிறு நெருக்கடி பின்னால் வரும் பெரியதற்குப் பழக்குகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சால்மோனெல்லாவை மிதமான அமிலத்தில் சிறிது நேரம் வைத்துவிட்டு, பிறகு வயிற்றின் கடும் அமிலத்தை ஒத்த கரைசலில் போட்டால் பெரும்பகுதி பிழைக்கிறது. நேராகப் போட்டால் சாகிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது என்பார்கள். சூடு கண்ட இந்தக் கிருமி அடுப்பிலேயே குடியேறப் பழகுகிறது.

இடத்தை உணர்வது என்றேனே, அதற்கு மிகத் துல்லியமான எடுத்துக்காட்டு லிஸ்டீரியா. குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் மெல்ல வளரும் இது, பாலாடைக்கட்டியோடும் பதப்படுத்திய இறைச்சியோடும் வயிற்றுக்குள் போகிறது. அதன் நோய் மரபணுக்களை எல்லாம் ஆளும் பிஆர்எஃப்ஏ புரதத்தின் ஆர்என்ஏ, 30 டிகிரியில் மடிந்து, புரதம் கட்டும் இயந்திரம் உட்காரும் இடத்தை மறைத்திருக்கும். 37 டிகிரியில் அந்த மடிப்பு அவிழும், புரதம் வரும். பாரிஸ் பாஸ்தர் நிறுவனத்தில் பாஸ்கல் கோசார்ட் குழு 2002-இல் இதைக் காட்டியது. உடல் வெப்பமே கிருமிக்கு முகவரி. தெள்ளுப்பூச்சியின் குளிர்ந்த உடலிலிருந்து பாலூட்டிக்கு மாறும் பிளேக் கிருமியிலும் இதே வகை வெப்பமானி உண்டு. லிஸ்டீரியாவில் கிளிப்சி, கிளிப்பி என்ற நெருக்கடிப் புரதங்கள் கெட்டால், அது விழுங்கப்பட்ட பையை உடைத்து வெளியேறத் தடுமாறுகிறது. பையைத் துளைக்கும் அதன் நச்சும் குறைகிறது.

நெருக்கடிப் புரதமே நேரடி ஆயுதமாகும் இடங்களும் உண்டு. 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் முன்னாள் படைவீரர் மாநாட்டையொட்டி 200-க்கும் மேற்பட்டோர் நிமோனியாவில் விழுந்து, 34 பேர் இறந்தனர். அதற்குக் காரணமான லெஜியோனெல்லாவின் எச்டிபிபி, ஜிஆர்ஓஇஎல்லின் உறவு. மற்ற பல பாக்டீரியாவில் உள்ளேயே இருக்கும் இந்தப் புரதம் லெஜியோனெல்லாவில் வெளிப்புறத்திலும் தெரிகிறது. அதை நுண்மணிகள்மீது பூசி விலங்குச் செல்லுக்குக் கொடுத்தால், செல் மணிகளை விழுங்குகிறது. உள்ளே மைட்டோகாண்ட்ரியாக்கள் அவற்றைச் சுற்றி வந்து கூடுகின்றன. உயிருள்ள லெஜியோனெல்லாவைச் சுற்றி நடப்பதும் இதுதான். இத்தகைய அறிக்கைகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை எனக்கு எப்போதும் எழும்: பக்கத்தில் செத்துச் சிதைந்த கிருமிகளிலிருந்து கசிந்த புரதம் வந்து மேற்பரப்பில் ஒட்டியிருக்கலாம். மணிச் சோதனை அந்த ஐயத்தின் கூர்மையைக் குறைக்கிறது, முழுதாக நீக்கவில்லை. இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரியில் சான்று இன்னும் திடமானது. அதன் எச்டிஆர்ஏ வெளியே சுரந்து, இரைப்பைச் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேதெரினை வெட்டுகிறது. 2010-இல் வெளிவந்த முடிவு இது. இணைப்பு விட்ட இடத்தில் கிருமி ஊடுருவுகிறது. உள்வீட்டுக் குப்பையை வெட்டும் கத்தி அடுத்த வீட்டுச் சுவரை அறுக்கப் போயிருக்கிறது.

ஆனால் இந்தக் கேள்வியின் கனம் முழுதும் தெரிவது காசநோயில்தான். உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இது நமக்குப் பாடநூல் செய்தி மட்டுமன்று. காசநோய்க் கிருமிக்கு ஜிஆர்ஓஇஎல் இரண்டு. ஹைதராபாத்தில் சேகர் மாண்டே குழு 2004-இல் அவற்றுள் ஒன்றின் படிக அமைப்பை வெளியிட்டபோது, எதிர்பார்த்த 14 துண்டுப் பீப்பாய் இல்லை; இரண்டு துண்டு இணைதான் இருந்தது. இன்னொன்றை நீக்கிய கிருமி விலங்குகளில் பெருகியது, ஆனால் காசநோயின் அடையாளமான கட்டிகளை அதனால் உண்டாக்க முடியவில்லை. பெருகுவதும் நோயுறச் செய்வதும் இரண்டு வேறு செயல்கள் என்று இவ்வளவு பச்சையாகக் காட்டிய சோதனைகள் சிலவே.

காசநோயாளிகளின் டி செல்களும் எதிர்ப்பொருள்களும் எதைப் பிடிக்கின்றன என்று 1980-களில் தேடியபோது கிடைத்தவை பெரும்பாலும் நெருக்கடிப் புரதங்கள். தொழுநோயிலும் அப்படித்தான். 65 கிலோடால்டன் எடையுள்ள ஜிஆர்ஓஇஎல் அவற்றுள் தலையாயது. இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. கிருமி விழுங்கப்பட்டதும் அதிகம் செய்யும் பொருள் எதுவோ, அதுவே உடலின் காவலுக்கு முதலில் கண்ணில் படும். கிருமிக்கு இதில் விலை உண்டு. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கிரஹாம் ஸ்டூவர்ட், டக்ளஸ் யங் முதலியோர் 2001-இல் அந்த விலையை அளந்தார்கள். நெருக்கடி மரபணுக்களை அடக்கி வைக்கும் எச்எஸ்பிஆர் என்ற பூட்டை நீக்கினார்கள். டிஎன்ஏகே குடும்பத்துப் புரதம் எந்நேரமும் மிகுதியாக வந்தது. கவசம் கூடினால் வீரியம் கூட வேண்டும். எலியில் முதல் கட்டத்தில் அந்தக் கிருமி சாதாரணக் கிருமியைப் போலவே பெருகியது. நாட்பட்ட கட்டத்தில் அதன் எண்ணிக்கை சரிந்தது. நோய் எதிர்ப்பைத் தூண்டும் இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரக்கும் செல்கள் எலியில் கூடியிருந்தன. எந்நேரமும் கவசத்தோடு திரிந்த கிருமியைக் காவல் அடையாளம் கண்டுகொண்டது.

எச்எஸ்பிஎக்ஸ் என்ற 16 கிலோடால்டன் புரதம் இன்னும் தெளியாத வழக்கு. ஆக்சிஜன் குறைந்து கிருமி உறங்கும் நிலையில் இது குவிகிறது. அதை நீக்கிய கிருமி மேக்ரோஃபேஜுக்குள் வளரவில்லை என்றது 1998-இன் ஆய்வு. நீக்கிய கிருமி எலியில் அதிகமாகவே பெருகியது என்றது 2006-இன் இன்னோர் ஆய்வு. ஒன்று சரி, மற்றது பிழை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தட்டில் ஒட்டிய செல்லும் முழு எலியும் ஒன்றல்ல. கிருமியின் வளர்ச்சியை மட்டுப்படுத்தி, நெடுநாள் பதுங்கச் செய்வது இந்தப் புரதத்தின் பணி என்றால், அதை இழந்த கிருமி விரைந்து பெருகுவதில் வியப்பில்லை. காசநோய்க்கு வேகம் வீரியம் ஆகாது. காத்திருப்பதும் அதன் வீரியம்.

மருந்தின் பக்கமிருந்து பார்த்தால் இந்த அறிவின் எதிர்காலம் கிளிப்பியில் தெரிகிறது. ஏடிஇபி என்ற வேதிகள் அந்த வெட்டும் நொதியைத் தடுப்பதில்லை, கட்டவிழ்த்து விடுகின்றன. நொதி கண்ட புரதத்தையெல்லாம் வெட்டி, கிருமியைத் தன்னையே தின்ன வைக்கிறது. மருந்துக்கு அசையாமல் உறங்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் செல்களையும் இது கொல்வதை 2013-இல் காட்டினார்கள். இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை.

ஆனால் ஏற்கெனவே மருந்துக்கடையில் இருக்கும் ஒன்று, இதே பாதையில் 1952 முதல் நடந்துகொண்டிருக்கிறது. ஐசோனியசிட். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டிய ஆய்வில் இந்த மருந்து ஒரு தூண். மாத்திரையாக உள்ளே போகும்போது அது செயலற்ற பொருள். கிருமியின் கேட்ஜி என்ற நொதிதான் அதை நஞ்சாக மாற்றுகிறது. கேட்ஜியின் சொந்த வேலை, மேக்ரோஃபேஜ் வீசும் பெராக்சைடை உடைப்பது. கிருமி தன்னைக் காக்க வைத்திருக்கும் கைதான் மருந்துக்குக் கதவைத் திறக்கிறது. 1992-இல் இந்த உறவு மரபணு அளவில் உறுதியானது. மருந்துக்குத் தப்ப கேட்ஜியை முழுதும் தொலைத்த கிருமிகள் உண்டு. ஆனால் அவை விலங்குகளில் வலுவிழந்து நின்றன. சில, அந்தக் குறையை ஈடுகட்ட ஏஎச்பிசி என்ற இன்னொரு நெருக்கடிப் புரதத்தைக் கூட்டிக்கொண்டன. நோயாளிகளிடம் பரவலாகக் கிடைப்பது வேறொரு வகை. கேட்ஜியின் 315-ஆம் இடத்தில் ஒரு செரீன் போய் திரியோனின் வந்திருக்கும். பெராக்சைடை உடைக்கும் வேலை பெரிதும் தங்குகிறது. மருந்தை நஞ்சாக்கும் வேலை போய்விடுகிறது. மரபணுவில் அது ஒரே ஓர் எழுத்தின் மாற்றம். மருந்துக்கு அடங்காத காசநோய் என்று ஐயம் வரும்போது, நோயாளியின் சளி மாதிரியை மரபணுச் சோதனைப் பட்டையில் ஓடவிட்டு ஆய்வகப் பணியாளர் தேடும் கோடுகளில், அந்த ஓரெழுத்துக்கான கோடும் ஒன்று.